பாலையிற் கூடாரம்

விடுமுறையைக் குடும்பத்தோடு கழித்தல் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவன மலையும் கடலும் அருவியுமேயாம். நீரும் நிழலும் அரியவாகிய பாலைக்கு, அதுவும் மக்களை உடனழைத்துக் கூடாரம் சுமந்து செல்வார் உளரோ எனின், உளர். அங்ஙனம் செல்லுதல் தக்கதே என்பதும், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதனை மேற்கொள்ளவேண்டும் என்பதும் எமது கருத்து.

தமிழ் பயில்வார்க்குப் பாலை என்பது பிரிவின் நிலம். பொருள் தேடச் செல்லும் தலைவன் தனியே கடப்பது அது. மனையிலிருக்கும் தலைவி நினைந்து வருந்துவதும் அதனையே. உடன்போக்கில் இருவர் சேர்ந்து செல்லினும், பெற்றோரைப் பிரிதல் ஆங்கும் உண்டு. ஆதலின், பெற்றோரும் மக்களும் ஒருங்கே பாலைக்கு உலாச் செல்வர் என்று கேட்டபோது யாமும் நகைத்தோம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் நகைப்பு நீங்கிற்று.

எம் தாய்மாமன் குடும்பத்தார் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் வாழ்பவர். அன்னையாரும் யாமும் அவர்பாற் சென்றிருந்தபோது, ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்திலுள்ள பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்கு அவர்கள் எம்மை அழைத்துச் சென்றனர். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 3,000 பேரே. ஊரில் போக்குவரத்து விளக்கு ஒன்றேனும் இல்லை. நடுவே 'கிறிஸ்துமஸ் வட்டம்' என்னும் பெயருடைய வட்டப் பூங்காவைச் சுற்றி வண்டிகள் செல்கின்றன. ஊரைச் சூழ்ந்து கிடப்பது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஆன்சா பொரேகோ பாலைவனப் பூங்கா. அம்மாநிலத்தின் பூங்காக்களில் இதுவே பெரியது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாதலைச் சிலப்பதிகாரத்திற் கற்றோம். இந்நிலமோ, மேற்கே நிற்கும் மலைகள் பசிபிக் கடலிலிருந்து வரும் மழைமேகங்களைத் தடுத்துவிடுதலால் எப்பருவத்தும் பாலையாகவே உள்ளது.

புறப்படும்போதே ஒரு வழக்கு எழுந்தது. பாலைக்குச் செல்வோர் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் நீரேனும் கொண்டு செல்லவேண்டும் என்பது அந்நாட்டில் பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. அன்னையார் அறுவருக்கு மூன்று நாளைக்கென்று கணக்கிட்டு, 72 லிட்டர் நீரை வண்டியில் ஏற்றச் சொன்னார். "அக்கா, கூடாரம் அடிக்கும் இடத்தில் குழாய் உண்டே" என்றார் மாமன். "உண்டு, தம்பி, அந்தக் குழாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது?" என்று அன்னையார் வினவினார்.

அவ்வினாவிற்கு விடை எளிதன்று. பொரேகோ பள்ளத்தாக்கிற்கு நிலத்தடி நீரன்றி வேறு நீரில்லை. பழத்தோட்டங்களுக்கும் கோல்ஃப் ஆட்டக் களங்களுக்குமாகப் பல ஆண்டுகள் ஊறியதினும் மிகுதியாக இறைத்தமையால் நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே சென்றது. 2021-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 2040-க்குள் இறைப்பை ஊற்றின் அளவிற்குக் குறைத்தாகவேண்டும். அந்நாளைய கணக்கில் அஃது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைப்பாகும். மாமன் இவற்றைச் சொல்லி முடித்தபின் மறுபேச்சின்றி நீரை ஏற்றினார்.

அன்னையார்க்கு இக்கணக்கு புதிதன்று. 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவரப்பட்ட நாட்களில், யாம் அவருடன் குடமேந்தி லாரிக்காகத் தெருவில் நின்றிருக்கிறோம். அப்போது பதின்மூன்று வயதினேமாகிய எமக்கு அது நாணம் தருவதாயிருந்தது. பாலையில் அமைத்த அக்கூடாரத்திலோ அன்னையாரே தலைவரானார். காலையில் அன்றைய நீரைப் பிரித்து வைத்தார். பாத்திரங்களைத் தாளால் துடைத்த பின்னரே சிறிது நீரால் கழுவச் செய்தார். முகம் கழுவ ஆளுக்கொரு குவளை. மாமன் மகள் பதினொரு வயதினள், மாலையில் பீப்பாயை அசைத்துப் பார்த்து, "அத்தை, இது நாளைக்குப் போதுமா?" என்று கேட்டாள். நீர் போதுமா என்னும் வினா தன் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாக அவளுக்குத் தோன்றிற்று. லாரிக்கு நின்ற நாட்களில் நாணியதற்காக யாமும் அப்போது வருந்தினோம்.

மறுநாள் பனைப் பள்ளத்தாக்கினுள் நடந்தோம். ஒன்றரை மைல் கல்லும் மணலும் கடந்தபின், ஊற்றொன்றைச் சூழ்ந்து விசிறிப் பனைகள் நிற்கக் கண்டோம். கலிபோர்னியாவிற்கு இயற்கையாயுரிய பனை இஃதொன்றே. வழியில் முறிந்து கிடந்த அடிமரங்களைச் சுட்டி, 2004-ஆம் ஆண்டு செப்டம்பரிற் பெருகிய திடீர் வெள்ளம் உருட்டி வந்தவை என்றார் மாமன். நீரின்மையால் வாடும் நிலத்தை நீரே அழித்ததென்று கேட்டுச் சிறுவர் வியந்தனர்.

இரவில் விளக்கை அவித்தோம். இவ்வூர் 2009-ஆம் ஆண்டில் உலகில் இரண்டாவதாகவும், கலிபோர்னியாவில் முதலாவதாகவும் 'இருள்வான் ஊர்' என்னும் சிறப்பைப் பெற்றது. விளக்குகள் வானை நோக்காது நிலத்தை நோக்குமாறு மூடியிட்டு அமைக்கின்றனர். எட்டு வயதினனாகிய மாமன் மகன் விண்மீன்களை எண்ணத் தொடங்கி, நூறு கடந்தவுடன் உறங்கிவிட்டான். கடுங்குளிரில் ஆறு பேரும் ஒருவரையொருவர் நெருங்கிக் கிடந்தோம். பெரிய இல்லத்தில் நான்கு அறைகளில் நான்கு திரைகளை நோக்கியிருப்போர் அவ்விரண்டு இரவுகள் ஒரே கூரையின்கீழ் ஒரே கதையைக் கேட்டனர்.

நிற்க. விடுதியில் இதனைச் சொன்னபோது நண்பர்கள் இரண்டு தடைகளை எழுப்பினர். துன்பத்தை விலைகொடுத்து வாங்குதல் பேதைமை என்பது ஒன்று. உலகில் எத்தனையோ பேர் வேறு வழியின்றிக் கூடாரங்களில் வாழ்கின்றனர் என்பதையும் யாம் மறந்திலேம். ஆயினும், இல்லாமையை ஒருநாளும் உணராத பிள்ளைக்கு உள்ளதன் அருமையைச் சொல்லால் உணர்த்துதல் இயலாது. ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களிற் குடியிருக்குமாறு இஸ்ரவேலர்க்கு விதிக்கப்பட்டதும், முன்னோர் வனாந்தரத்தில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறையினர் அறிதற்பொருட்டே.

நீரற்ற ஊருக்கு விருந்தினர் செல்லுதல் அவ்வூர்க்குச் சுமையன்றோ என்பது மற்றொன்று. இத்தடை வலியுடையது. யாம் கொண்டுசென்ற 72 லிட்டர் அவ்வூரைக் காத்துவிடாது. பெருநீர் செல்வது தோட்டங்களுக்கும் ஆட்டக் களங்களுக்குமே. எனினும், விருந்தினரை நம்பியே அச்சிற்றூரின் கடைகள் பல பிழைக்கின்றன. ஆதலின் செல்லாதிருத்தலினும் நன்முறையிற் செல்லுதலே தக்கது. 45 பாகைக்கு மேலும் வெம்மை ஏறும் கோடையில் சிறுவரோடு சென்று கூடாரம் அடித்தல் பெருங்கேடு, குளிர்காலமே உரியது. குடிநீரை உடன் கொண்டு செல்க. விளக்கை அடக்குக. உணவுப் பொருள்களிற் சிலவற்றையேனும் அவ்வூரிலேயே வாங்குக. கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வருக.

நகருக்குத் திரும்பிய மறுநாட் காலை, பல் துலக்க வந்த மாமன் மகன் குழாயைத் திறந்துவிட்டு நிற்காமல், ஒரு குவளையில் நீர் பிடித்துக்கொண்டு குழாயை மூடினான். எவரும் அவனை ஏவவில்லை. அவ்வழக்கம் எத்தனை நாள் நிலைக்குமோ அறியோம். ஒரு திங்கள் நிலைத்தாலும் பயணச் செலவு வீண்போகவில்லை என்பேம். நம் கல்லூரி அன்பர்களுள் பெற்றோராயினார் இதனை எண்ணிப் பார்ப்பாராக. நாளைப் பெற்றோராகும் நண்பர்களும் மறவாதிருப்பாராக.