ரெவ் லிமிட்டர் காப்பது எதை?

மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக முறுக்கினால் ஒரு கட்டத்துக்குமேல் சத்தம் ஏறாது. தடதடவென்று வெட்டுப்பட்டு ஒலிக்கத் தொடங்கும். தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலும் அறுபதடிச் சாலையிலும் ஊர்வல நாள்களில் இந்த வெட்டொலியைக் கேட்கலாம். முகம் சுளிப்பவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "லிமிட்டர் இருக்குல்ல, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது." இவ்விடையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் மீதிப் பொய்யைக் கேள்வியின்றிக் கடத்திச் செல்கிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூற்றும் அதே தெருக்களில் உலவுகிறது. கம்பெனிக்காரன் வண்டியின் வேகத்தைத் திருடி லிமிட்டருக்குள் பூட்டிவைத்திருக்கிறான், அதைக் கழற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்பது அது. மூன்றாவது கூற்று தெருவுக்குரியதன்று, கல்விப்புலத்துக்குரியது. அந்த ஒலி அடக்கப்பட்டோரின் குரல், அதைக் குறைசொல்வது மேட்டிமை என்பது அதன் சாரம். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் தாராவியில் ஓர் இளைஞனின் வண்டி பெரும்பாலும் பொழுதுபோக்குப் பொருளன்று. மாதத் தவணையில் வாங்கப்பட்டு, உணவுப் பொட்டலமோ தோல் பையோ சுமந்து, குடும்பத்துக்குச் சோறு போடும் கருவி அது.

முதலில் செயல்முறை. கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றையும் ஓர் உணரி எண்ணிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று தயாரிப்பாளர் வகுத்த எல்லையைத் தாண்டியதும், கட்டுப்பாட்டுப் பெட்டி தீப்பொறியை நிறுத்துகிறது அல்லது எரிபொருள் தெளிப்பை நிறுத்துகிறது. எரிதல் நின்றதும் வேகம் சரிகிறது. சரிந்ததும் மீண்டும் அனுமதி கிடைக்கிறது. கை முறுக்கியபடியே இருப்பதால் வேகம் மீண்டும் எல்லையில் முட்டுகிறது. காதில் விழும் தடதடப்பு இந்த மறுப்பும் அனுமதியும் மாறி மாறி வருவதன் ஒலியே. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலை மின்னணு முறையில் நிறுத்த வழியில்லாததால் சி.டி.ஐ. பெட்டி தீப்பொறியை மட்டுமே வெட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 நெறிகள் நடைமுறைக்கு வந்து எரிபொருள் உட்செலுத்தல் பரவியபின், எரிபொருளையே வெட்டுவது எளிதாயிற்று.

எல்லை ஏன் வேண்டும்? பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை நின்று திரும்புகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு வினாடியில் 333 முறை அது நின்று திரும்ப வேண்டும். 58 மி.மீ. வீச்சுள்ள இயந்திரமாயின், அந்த வேகத்தில் உச்சியில் திரும்பும்போது பிஸ்டன் படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 3,000 மடங்குக்கு மேல். இவ்விசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. 8,000 சுற்றிலிருந்து 10,000 சுற்றுக்குப் போனால் வேகம் 25 விழுக்காடு கூடுகிறது. கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய விசையோ ஏறத்தாழ 56 விழுக்காடு கூடிவிடுகிறது. இதனோடு வால்வு ஸ்பிரிங்கின் வரம்பும் சேர்கிறது. கேம் தள்ளித் திறந்த வால்வை ஸ்பிரிங்தான் இழுத்து மூட வேண்டும். வேகம் மிகும்போது ஸ்பிரிங்கால் கேமைப் பின்தொடர முடியாமல் போகிறது. மூட வேண்டிய நேரத்தில் வால்வு திறந்தபடி மிதக்கிறது. மேலேறி வரும் பிஸ்டன் அதன்மீது மோதினால் வால்வு வளையும், பிஸ்டனின் தலை பொத்தலாகும். லிமிட்டர் தடுப்பது இந்த விபத்தை. அந்த அளவில் அது உண்மையான காவல். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விபத்தைத் தடுப்பதும் நலத்துக்கு உறுதி தருவதும் ஒன்றல்ல. லிமிட்டர் எண்ணுவது சுற்றுகளை மட்டுமே. எண்ணெய் சூடேறி நீர்த்துவிட்டதா, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்த வண்டியில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. காற்றால் குளிரும் இயந்திரம் ஓட்டத்தில் வரும் காற்றை நம்பியே வடிவமைக்கப்பட்டது. நின்ற இடத்தில், ஊர்வல நெரிசலின் நடுவே, உச்ச வேகத்தில் சுழலும்போது அதன் வெப்பத்தைக் கொண்டுபோகக் காற்றில்லை. நியூட்ரலில் சுமையும் இல்லாததால் வேகம் சடுதியில் ஏறி, வெட்டு விழுமுன் எல்லையைச் சற்றே தாண்டவும் கூடும்.

தீப்பொறி மட்டும் வெட்டப்படும் வண்டியில் இன்னொரு கேடும் உண்டு. எரியாத கலவை வெளியேறிச் சூடான புகைக்குழாய்க்குள் எரிகிறது. பட்டாசுபோல் வெடிப்பதாகக் கொண்டாடப்படும் ஒலி அதிலிருந்து பிறப்பதே. வினையூக்கி மாற்றி பொருத்திய வண்டியில் அந்தத் தீ அதன் உட்பகுதியை அளவுக்குமீறிச் சூடாக்கி உருக்கவும் வல்லது. கியரில் ஓடும்போது லிமிட்டரில் முட்டினால் இழுவிசை விட்டுவிட்டு வருவதால் சங்கிலியும் பல்சக்கரங்களும் அதிர்வை வாங்குகின்றன. முந்தும் அவசரத்தில் ஓரிரு கணம் லிமிட்டரைத் தொட்டு மேல்கியருக்கு மாறுவதால் நல்ல நிலையிலுள்ள இயந்திரத்துக்குக் குறிப்பிடத்தக்க தீங்கில்லை. நிமிடக்கணக்கில் அதிலேயே நிற்பது வேறு செயல். முதற்கூற்றின் பிழை இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே.

லிமிட்டரால் எள்ளளவும் தடுக்கமுடியாத ஒன்றும் இருக்கிறது. பல்விகிதம் 1 ஆக உள்ள கியரில் 8,000 சுற்றில் ஓடும் வண்டியைத் தவறுதலாக விகிதம் 1.5 உள்ள கியருக்கு இறக்கி கிளட்சை விட்டால், பின்சக்கரமே இயந்திரத்தை 12,000 சுற்றுக்கு இழுத்துவிடும். தீப்பொறியை வெட்டினாலும் எரிபொருளை வெட்டினாலும் பயனில்லை. அங்கே இயந்திரத்தைச் சுழற்றுவது எரிபொருளே அன்று. "லிமிட்டர் இருக்குல்ல" என்ற நம்பிக்கை அந்த இடத்தில் முற்றாகக் கைவிடும்.

இரண்டாம் கூற்று, திருடப்பட்ட வேகம். 97.2 சி.சி. ஸ்ப்ளெண்டர் தன் உச்ச ஆற்றலை ஏறத்தாழ 8,000 சுற்றில் தருகிறது. எந்த இயந்திரத்திலும் உச்சத்தைக் கடந்தபின் காற்றை உள்ளிழுக்க நேரம் போதாமல் ஆற்றல் சரியும். அந்த உச்சத்துக்கு அப்பால் பூட்டிவைக்கப்பட்ட புதையல் ஏதுமில்லை, தேய்மானம்தான் இருக்கிறது. எல்லையற்ற சி.டி.ஐ. பெட்டிகளை விற்போர் வாங்குபவனுக்குத் தருவது கூடுதல் சத்தத்தையும் காவல் நீங்கிய வால்வையும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கும் லிமிட்டரில் முட்டிநிற்கும் ஒவ்வொரு கணமும் இழந்த நேரமே. அந்தக் காலத்து ஆர்.எக்ஸ். 100-இல் லிமிட்டரா இருந்தது என்று கேட்பவர் உண்டு. 1985-இல் வந்து 1996-இல் நின்ற அவ்வண்டி இருவீச்சு இயந்திரம். கேமும் ஸ்பிரிங்கும் கொண்ட வால்வே அதில் இல்லை, மிதப்பதற்கும் ஒன்றுமில்லை. அதுவும் கைமீறி முறுக்கப்பட்டபோது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு 'சீஸ்' ஆனதைப் பழைய மெக்கானிக்குகள் நன்கறிவர்.

மூன்றாம் கூற்றுக்குச் சற்று மரியாதை தர வேண்டும். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. நள்ளிரவில் மேற்கு விரைவு நெடுஞ்சாலையில் விலையுயர்ந்த வண்டியை அலறவிடுபவன் 'ஆர்வலன்' ஆகிறான். தாராவியில் நூறு சி.சி. வண்டியை முறுக்குபவன் 'ரவுடி' ஆகிறான். இந்த இரட்டை நாக்கு கண்டிக்கத்தக்கது. ஆயினும் அதற்கு மறுமொழியாகச் சத்தத்தைப் போற்றத் தொடங்குவது ஆய்வாளர் தம் வசதிக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அச்சத்தத்தைக் கேட்பவர் யார்? பத்துக்குப் பத்துக் கோலியில் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர், பரணில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கும் பெண், அருகிலேயே சயான் மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வகுத்தன. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலம் என்றன. அந்த உரிமை செம்பூரின் அடுக்ககத்துக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. ஒடுக்கப்பட்டவனின் காதுக்கும் உறக்கம் தேவை. தவிரவும், குரல் என்று பெயர் சூட்டியதால் வளையும் வால்வு வளையாமல் இருக்கப்போவதில்லை. இயந்திரத்தைப் பிரித்துப் போட்ட வாரத்தில் அந்த இளைஞனுக்கு வருமானமில்லை. தவணை மட்டும் தவறாமல் வரும். கோட்பாட்டாளர் அதைக் கட்டப்போவதில்லை.

மொழியும் இதில் உடந்தை. "வண்டி கட் ஆவுது", "இன்ஜின் போச்சு" என்பவை தன்வினைத் தொடர்கள். செய்தவன் அவற்றில் இல்லை. தமிழ் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் துலக்கமாகப் பிரித்துக் காட்டுவது. பேச்சு தன்வினையைத் தேரும்போது பொறுப்பு நழுவுகிறது. முறுக்கியவனின் பொறுப்பு மட்டுமன்று, விற்றவனின் பொறுப்பும்தான். ஸ்ப்ளெண்டர் போன்ற எளிய வண்டிகள் பலவற்றில் சுற்றுமானியே கிடையாது. எல்லை நெருங்குவதைக் காட்ட முள் இல்லை, சிவப்புக் கோடு இல்லை. அவ்வண்டி ஓட்டுபவனுக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பு அந்தத் தடதடப்புத்தான். எச்சரிக்கையாக வகுக்கப்பட்ட ஒலி கொண்டாட்ட ஒலியாகப் பொருள் மாறியிருக்கிறது என்றால், அதை எச்சரிக்கை என்று அவனுக்குப் புரியும் மொழியில் எவரும் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம்.

சட்டம் தண்டனையிலிருந்து தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி, காற்று மாசு நெறிகளை மீறிய வண்டியை ஓட்டுவோருக்கு 2019 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பல நகரங்களில் பிடிபட்ட சைலன்சர்களைச் சாலையில் பரப்பி உருளை ஏற்றி நசுக்குகிறார்கள். உருளை நசுக்குவது வாங்கியவனின் பொருளை. விற்ற கடை அடுத்த நாளும் திறந்திருக்கிறது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. குளிர்ந்த இயந்திரத்தை முறுக்கக் கூடாது. நின்ற வண்டியை லிமிட்டரில் நிறுத்தக் கூடாது. ஓட்டத்தில் வெட்டு விழுந்தால் மேல்கியருக்கு மாற வேண்டும். பெட்டியை மாற்றித் தருவதாகச் சொல்பவனுக்குக் காசு கொடுக்கக் கூடாது. இவற்றை ஏன் என்ற விளக்கத்தோடு, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும், மெக்கானிக் கடைச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எழுதித் தருவது பொறியியல், மொழியியல் மாணவர் சிலர் சேர்ந்தால் ஒரு வார வேலை. தாராவியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. தாராவிக்காக எழுதப்பட்ட ஒரு பக்கம் இன்னும் தேவைப்படுகிறது.