கிரவுனில் 41 பல்... பினியனில் எத்தனை? மஞ்சூர் மலைக்கு ரெக்கவரி லாரி வாங்கப்போகிறவர் கவனிக்க வேண்டியது!

மைலேஜ் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்... இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இந்த வாரம் மஞ்சூரிலிருந்து வந்திருக்கும் கேள்வி வேறு ரகம்.

கேட்டிருப்பவர் சிறு தேயிலை விவசாயி. பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கி, பின்னால் சாய்வுத் தளமும் வின்ச்சும் பொருத்தி, வழியில் நின்றுபோன வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியாக மாற்றப்போகிறார். பச்சைத் தேயிலை விற்றுச் சேர்த்தது கொஞ்சம், மீதிக்கு வங்கிக் கடன். இரண்டு லாரிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று சமவெளியில் நெடுஞ்சாலை லோடு அடித்த வண்டி. இன்னொன்று மலையிலேயே ஓடியது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் புரோக்கர். பின் ஆக்ஸிலில் கிரவுன்-பினியன் வேறு வேறாக இருக்கும், பார்த்து வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?

மெக்கானிக் சொல்வதுதான் சரி. அதுவும் மஞ்சூர் மாதிரி ஊரில் இது சில்லறை வித்தியாசம் இல்லை.

லாரியின் பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகப் புடைத்துக்கொண்டு இருக்கிறதே, அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்னது பினியன். அது சுற்றிவிடும் பெரியது கிரவுன் வீல். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால், ஷாஃப்ட் 41 சுற்று சுற்றும்போது சக்கரம் 7 சுற்று சுற்றும். 41-ஐ 7-ஆல் வகுத்தால் 5.86. ஆக்ஸில் ரேஷியோ என்று சொல்வது இந்த எண்ணைத்தான். பினியனில் ஒரு பல் கூடினால், அதாவது 8 என்றால், 5.13. ஒன்று குறைந்து 6 என்றால், 6.83. கிரவுனின் பல் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். இங்கே கணக்குக்காக 41-ஐயே வைத்துக்கொள்வோம்.

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேடு வந்ததும் இலகுவான பல்லுக்கு மாற்றுவோம். கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாக நகரும், ஆனால் மூச்சு முட்டாது. லாரியில் 6 பல் பினியன் அப்படிப்பட்டது. 8 பல் பினியன், சமதளத்தில் காலை மெதுவாக மிதித்துக்கொண்டே வேகமாகப் போவதற்கானது. சைக்கிளில் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். லாரியின் பின் ஆக்ஸிலில் ஒருமுறை போட்டது போட்டதுதான்.

மஞ்சூருக்கு வருவோம். குந்தா வட்டத்தின் தலைமையிடம். ஊரைச் சுற்றித் தேயிலை, குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள், மின்நிலையங்கள். இங்கிருந்து கெத்தை, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். வளைவும் சரிவும் மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. கெத்தைப் பக்கம் யானைக் கூட்டம் சாலைக்கு வந்துவிட்டால், அரசுப் பேருந்தே மணிக்கணக்கில் நின்று காத்திருக்கிறது. உங்கள் லாரியும் ஏற்றத்தில் லோடோடு நின்று, மறுபடி அங்கிருந்தே கிளம்ப வேண்டும். ஆக்ஸில் ரேஷியோவின் முதல் சோதனை அந்த இடத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாரியும் அதன் மேல் ஏற்றிய காருமாகச் சேர்ந்து 10 டன். இன்ஜினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 6.5. டயரின் ஆரம் 41 சென்டிமீட்டர். கியரிலும் ஆக்ஸிலிலும் வீணாவது 15 சதவீதம். எல்லாம் நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் வண்டியின் எண்களை அதன் கையேட்டில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் 7 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிறது என்று வைத்தால், அந்த 10 டன்னை நகர்த்தச் சுமார் 1,530 கிலோ அளவு விசை வேண்டும். கிளட்சை விடும் நேரத்தில் இன்ஜின் முழு பலத்தையும் தராது. மூன்றில் இரண்டு பங்கு தருவதாக வைத்துக்கொண்டால், சக்கரத்துக்கு வந்து சேரும் விசை 8 பல்லுக்கு 1,410 கிலோ, 7 பல்லுக்கு 1,610, 6 பல்லுக்கு 1,880.

அதாவது, 8 பல் வண்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கிளட்சைப் பாதியில் பிடித்து, உறும உறுமத்தான் கிளம்பும். ஒருமுறை என்றால் சரி. ஒரே ஏற்றத்தில் பத்து முறை என்றால் கிளட்ச் கருகும் வாடை வந்துவிடும். மற்றவர் வண்டியை மீட்கப்போன லாரி, தனக்கு ஒரு மீட்பு லாரியைக் கூப்பிட வேண்டியதாகிவிடும். 7 பல் வண்டி மயிரிழையில் தப்பிக்கிறது. 6 பல் வண்டிக்கு இது ஒரு வேலையே இல்லை.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. டர்போ உள்ள இன்ஜின் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், கிளம்பும் நேரத்தில் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும். டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு அந்த அளவு பலம் குறையும். அப்படிப் பார்த்தால் அந்த உயரத்தில் 6 பல்லே 1,540 கிலோவுக்கு வந்து நிற்கிறது. டர்போ இல்லாத வண்டியை 8 பல் பினியனோடு யாராவது மஞ்சூரில் விற்க வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வித்தியாசம் இவ்வளவு கடுமையாக இருக்காது. 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் 6 பல் வண்டி மூன்றாவது கியரில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறினால், மற்ற இரண்டும் இரண்டாவது கியருக்கு இறங்கி 14, 16 கிலோமீட்டரில் ஏறும். கியர் பாக்ஸ் இருப்பதே இதற்காகத்தானே. புரோக்கர்கள் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லித் தப்பிக்க முடிவதும் இதனால்தான். வாங்குபவர் ஓட்டிப் பார்ப்பது காலி வண்டியை, அதுவும் மேட்டுப்பாளையத்தின் சமதளத்தில்!

ஆனால் இந்த வாசகரின் தொழிலை யோசித்துப் பார்த்தால், முக்கியமான விஷயம் ஏற்றம் இல்லை. மஞ்சூரிலும் ஊட்டியிலும் நின்றுபோகும் கார்களில் பெரிய வேலை உள்ளவை கோவைக்குத்தான் போகும். கம்பெனி சர்வீஸ், இன்ஷூரன்ஸ் கணக்கு, எல்லாமே பெரும்பாலும் கீழே. ஆகவே இவருடைய லாரி லோடோடு இறங்கும், காலியாக ஏறும். உரமும் அரிசியும் ஏற்றி வரும் லாரிக்கு நேர் எதிர். இழுவை வண்டி என்றதும் எல்லோரும் இழுப்பதைப் பற்றியே யோசிக்கிறோம். இவருக்கு வேண்டியது தாங்கிப் பிடிக்கும் வண்டி.

நீலகிரி மலை ரயில் இதற்கு நல்ல உதாரணம். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளங்களின் நடுவே பல் பதித்த இரும்புப் பட்டையைக் கடித்துக்கொண்டு, சுமார் 12-க்கு 1 ஏற்றத்தில் ஏறுகிறது. அந்தப் பகுதியில் இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். பெட்டிகளின் கனம் முழுவதையும் அது தாங்கிக்கொள்கிறது.

லாரிக்கு நடுவில் பல் பட்டை இல்லை. பிரேக்கும் இன்ஜினும்தான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உயரம் சுமார் 1,400 மீட்டர் குறைகிறது. 10 டன் வண்டி அவ்வளவு இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 38 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டில் இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரு மணி நேரச் சொச்சத்தில். இருபது கேன் குடிநீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. டயர் உருள்வதில் ஒரு பங்கு போகும். மீதியை பிரேக் டிரம் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். டிரம் அளவுக்கு மீறிச் சூடானால் லைனிங் பிடிக்காது. பெடல் இருக்கும், காலும் இருக்கும், பிரேக் இருக்காது.

ஏறும் கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். கல்லட்டியின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததன் பின்னணியிலும் இதே கதைதான். ஒரே கியர், ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டால், 6 பல் வண்டியின் இன்ஜின் 8 பல் வண்டியினதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சுற்றும். இன்ஜின் பின்னால் இழுத்துப் பிடிக்கும் விசையும் சக்கரத்தில் குறைந்தது அதே அளவு கூடும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில், சுற்று கூடக் கூட அதன் பிடியும் கூடும். 8 பல் வண்டியில் இன்னொரு கியர் குறைத்தும் இதைச் சாதிக்கலாம்தான். ஆனால் மூடுபனியில், இரவில், அசதியில் டிரைவர் அந்த ஒரு கியரைக் குறைப்பாரா என்பதை நம்பி நான் கடன் வாங்க மாட்டேன்.

6 பல்லில் நஷ்டமே இல்லையா? இருக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது, டாப் கியரில் நாம் எடுத்த டயரோடு 8 பல் வண்டி 75 கிலோமீட்டர் வேகம் போகும், 7 பல் 66, 6 பல் 57. காரமடை தாண்டிக் கோவைச் சாலையில் 6 பல் வண்டி கத்திக்கொண்டே போகும், எல்லோரும் ஹார்ன் அடித்து முந்துவார்கள், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். தினமும் 400 கிலோமீட்டர் ஓடும் சரக்கு லாரிக்கு இது பெரிய பணம். ரெக்கவரி லாரி அப்படி ஓடுவதில்லை. பாதி நாள் கூப்பிடுவார்கள் என்று காத்து நிற்கும். கிலோமீட்டர் குறைந்த தொழிலில் டீசலை மிச்சம் பிடிக்க ஆக்ஸிலில் விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பதில் இதுதான். வேலை பெரும்பாலும் மஞ்சூர், எமரால்டு, கெத்தை வட்டாரத்துக்குள் என்றால் 6 பல். வாரத்தில் மூன்று நாலு முறை கோவை போகும் என்றால், டர்போவும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இருக்கும் பட்சத்தில் 7. இந்த மலைக்கு 8 வேண்டாம்.

வேறு பல் இருந்தால் வாங்கி மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், கிரவுனையும் பினியனையும் ஜோடியாக. ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி அவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஓலமிட்டே செத்துப்போகும். அதைவிடப் பெரிய சங்கடம் ஸ்பீடோமீட்டர். பல வண்டிகளில் வேகத்தை அளப்பது கியர் பாக்ஸின் வெளிமுனையில். 8 பல்லை எடுத்துவிட்டு 6 போட்டால், 60-ல் போகும்போது முள் 80 காட்டும். 80-க்கு அமைத்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்மையில் 60-லேயே அமுக்கிவிடும். 6-ஐ எடுத்து 8 போட்டால் இன்னும் மோசம். 80-ல் போவீர்கள், முள் 60 என்று பொய் சொல்லும். மாற்றினால் மீட்டரையும் சரிசெய்ய வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியென்றால் கம்பெனி சர்வீஸில் கேட்காமல் கை வைக்காதீர்கள். பின்பக்கத் தளத்தை ரெக்கவரிக்காக மாற்றுவதற்கு எப்படியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆக்ஸிலையும் மாற்றுவதானால் அங்கேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எத்தனை பல் என்று ஆக்ஸிலைத் திறக்காமல் எண்ணுவது எப்படி? வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள் (மஞ்சூரில் அதைத் தேடுவதே ஒரு வேலை). முன் சக்கரங்களுக்கும், தரையில் இருக்கப்போகும் பின் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஒரு பக்கப் பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒருவர் தூக்கிய சக்கரத்தைச் சுற்றட்டும், இன்னொருவர் பக்கவாட்டில் நின்றபடி கோட்டை எண்ணட்டும். யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் கணக்கு இரட்டிப்பாகும். ஷாஃப்ட் 41 சுற்று முடிக்கும்போது சக்கரம் 12 சுற்று சுற்றியிருந்தால் பினியன் 6 பல், 14 என்றால் 7, 16 என்றால் 8.

மலையில் ஓடிய வண்டிக்கும் இதைச் செய்யுங்கள். முந்தைய உரிமையாளர் எதை மாற்றினார் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது. 16 சுற்று வந்தால், ஒரு ஜோடி கிரவுன்-பினியன் விலையையும் ஆக்ஸிலைப் பிரித்து மாட்டும் கூலியையும் மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதைக் கழித்துத்தான் புரோக்கரிடம் விலை பேச வேண்டும்.