தொழிலாளிக்கு ஏற்ற மின்சார சைக்கிள்: செய்யப் போவது யார்?

பால்மரத் தோட்டத்திலே சைக்கிளின் அருமையை அறியாதவர் எவருமில்லை. இருள் விலகுமுன் வெட்டுக்குப் போகவும், பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பவும், நோயுற்ற பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டு செல்லவும் அந்த இரண்டு சக்கரங்களே நமக்குத் துணை நின்றன. கிராணியாரும் அதிலேதான் ஆபீசுக்கு வந்தார். பின்னர் அந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. இனி மின்சார வண்டியின் காலம் என்கிறார்கள். வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் அது யாருக்காக வருகிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

கம்போங் மேடானை எடுத்துக்கொள்வோம். பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்கு அருகே உள்ள இவ்வட்டாரத்தில், தோட்டங்களை விட்டு வெளியேறிய நம்மவர் பலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறினர். பின்னாளில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 2001 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் பலியான துயரத்தால்தான் வெளியூரார் பலருக்கு இப்பெயர் தெரியும். ஆனால் விடியற்காலையில் அங்கே நின்று பார்ப்பவர் காண்பது வேறு காட்சி. தமிழரும் மலாய்க்காரரும் இந்தோனேசியரும் ஒரே மாதிரியான கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஒரே சாலையில் வேலைக்கு ஓடுகிறார்கள். இனம் வேறானாலும் வயிற்றுப்பாடு ஒன்றே, வண்டியும் ஒன்றே.

இந்த மக்களுக்கு மின்சார வண்டி லாபமா, நட்டமா? ஆரவாரப் பேச்சை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

வேலையிடம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பதாக வைத்துக்கொண்டால், போக வர நாளுக்கு 20 கிலோமீட்டர். 26 நாளில் 520 கிலோமீட்டர். கப்சாய் ஒரு லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் என்றால் மாதம் பன்னிரண்டு லிட்டர் போதும். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கென வகுக்கப்பட்ட 1 வெள்ளி 99 காசு விலையில் அது ஏறத்தாழ 23 வெள்ளி ஆகிறது. மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையோடு செல்லும் மின்சார சைக்கிள் கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட்-மணி மின்சாரம் கொள்ளும். மாதம் ஆறு யூனிட்டுக்குச் சற்று அதிகம். யூனிட்டுக்கு அரை வெள்ளி என்று தாராளமாகப் போட்டாலும் மூன்று வெள்ளிதான்.

ஆக, மாதம் மிச்சம் இருபது வெள்ளி. மூவாயிரம் நாலாயிரம் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு மாதம் இருபது வெள்ளி மிச்சம் பிடிப்பவன் தொழிலாளியாக இருக்க முடியாது. இந்தியாவில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் அங்கே கணக்கு வேறு. நம் நாட்டில் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து எண்ணெய் விலையைத் தாழ்த்தி வைத்திருக்கும் வரை, மின்சார சைக்கிள் தன் விலையைத் தாழ்த்திக்கொண்டுதான் நம் வாசலுக்கு வர வேண்டும்.

அப்படியானால் நமக்கு அது வேண்டாமா? வேண்டும். ஏனெனில் பெட்ரோல் மட்டுமே செலவு அன்று. மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் உண்டு, சாலை வரி உண்டு, எஞ்சின் எண்ணெய் உண்டு. கணவர் வண்டியை எடுத்துச் சென்றுவிட்டால், தொழிற்சாலைக்கோ துப்புரவு வேலைக்கோ போகும் மனைவி வாடகைக் காருக்குக் கூலி கொடுக்கிறார். அல்லது வெயிலிலும் மழையிலும் நடக்கிறார். கம்போங் டத்தோ ஹருண் ரயில் நிலையமும் செத்தியா ஜெயா நிலையமும் அருகில் இருந்தும், வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்வது பலருக்குப் பெரும்பாடு. வீட்டுக்கு இரண்டாவது மோட்டார் சைக்கிளைத் தவணையில் எடுத்துக் கடனில் விழுவதைத் தடுக்குமானால், அதுவே இந்த மின்சார சைக்கிளின் உண்மையான லாபம்.

எனவே வண்டியைத் திட்டமிடுவோர் முதலில் இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்போம். ஒன்று விலை: 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி, வண்டியின் விலை அதைத் தாண்டக் கூடாது. இரண்டு ஆயுள்: பேட்டரி ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் உழைக்க வேண்டும்.

இவ்விரண்டையும் வைத்தால் மற்றவை தாமே வந்து சேரும். நாளுக்கொரு முறை மின்னேற்றினால் ஐந்து ஆண்டில் ஆயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் ஆகிறது. ஈய பேட்டரி விலை குறைவு. ஆனால் சில நூறு முறைகளிலேயே களைத்துப் போகும். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகை முதலில் விலை கூடினாலும் அத்தனை காலம் தாங்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி போதும். அது 360 வாட்-மணி. இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகும் கையிருப்பு இருக்கும். ஈய பேட்டரியில் இதே அளவு வேண்டுமானால் எடை பத்துக் கிலோவைத் தாண்டும். லித்தியமோ நாலு கிலோ அளவில் நின்றுவிடும்.

எடையை ஏன் இவ்வளவு பேசுகிறோம்? நம் வீடு நான்காம் மாடியில் இருக்கிறது! மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் வண்டிக்குப் பக்கத்தில் மின்சாரப் புள்ளி ஏது? பங்களா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தை மனத்தில் வைத்து வரைந்த வண்டி நமக்கு உதவாது. இரவுப் பணி முடிந்து வரும் அம்மாள் ஒரு கையில் பையும் மறு கையில் பேட்டரியுமாகப் படியேற முடிகிறதா என்பதே முதல் சோதனை.

மோட்டாருக்கு 250 வாட்டும், வேகத்துக்கு மணிக்கு 25 கிலோமீட்டரும் ஐரோப்பாவில் மிதிக்கும் மின்சார சைக்கிளுக்கு வகுத்த அளவுகள். நமக்கும் அது போதும். மாலை இடிமழையில் நனைந்தாலும் கெடாதபடி கம்பி இணைப்புகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் நீர் வடியத் துளை வேண்டும். பின்னே உறுதியான கேரியர் வேண்டும். டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் மூலைக்கடையில் கிடைக்கும் சாதாரண அளவில் இருக்க வேண்டும். வண்ணத் திரையும் கைப்பேசிச் செயலியும் இல்லாவிட்டால் எவருக்கும் குறைவில்லை.

ஆனால் மலிவு என்பது வேறு, மட்டம் என்பது வேறு. பேட்டரியிலும் பிரேக்கிலும் மிச்சம் பிடிப்பவன் உயிரோடு விளையாடுகிறான். தரமற்ற பேட்டரி வீட்டுக்குள் தீப்பற்றினால் ஒரு மாடியே தவிக்கும். தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத மின்சார ஸ்கூட்டரை வைத்திருப்பதையே குற்றமாக்கிச் சிங்கப்பூர் 2020 ஜூலையில் சட்டத்தை இறுக்கியது அனுபவப்பட்ட பிறகுதான். இணையக் கடையில் பெயர் தெரியாத பேட்டரியை வாங்கிப் பூட்டும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று ஐயுறுவோர் கோயம்புத்தூரைப் பார்க்கட்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஹேமலதா அண்ணாமலை என்ற அம்மையார் 2008இல் அங்கே ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். பணக்காரர் வாங்கும் பெரிய வண்டியை விடுத்து, சிற்றூர் மக்களுக்கேற்ற குறைந்த விலை மின்சார சைக்கிளையும் ஸ்கூட்டரையும் செய்தார். வெளிநாட்டு உதிரிகளை நம்பியிராமல் மோட்டாரையும் மின்னேற்றியையும் சொந்தமாகச் செய்ய முனைந்தார். பத்தாண்டு கழித்து, 2018இல், கிரீவ்ஸ் காட்டன் என்ற பழைய எஞ்சின் கம்பெனி அதைத் தன்வசம் சேர்த்துக்கொண்டது. அதற்கும் முன்னால், 1980இல், ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 இருவர் ஏறிச் செல்லும் சின்ன வண்டியாகத் தமிழ்நாட்டின் பால்காரருக்கும் விவசாயிக்கும் கைகொடுத்தது. ஏழையின் அன்றாட வாழ்க்கையை அறிந்தவர் செய்யும் வண்டியே ஏழைக்குப் பயன்படுகிறது என்பதற்கு இவை சான்று.

நம் நாட்டில் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2024 பட்ஜெட்டில் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு 2,400 வெள்ளி வரை கழிவு அறிவிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு உட்பட்டவர் அதற்குத் தகுதி என்றார்கள். மாதம் பத்தாயிரம் வாங்குபவரும் ஆயிரத்து எழுநூறு வாங்குபவரும் ஒரே வரிசை! கழிவு போக மீதிப் பணத்துக்கு வழி உள்ளவரே அதை அனுபவிக்க முடியும். குறைந்த சம்பளக்காரருக்குக் கழிவும், வட்டியில்லாத் தவணையும், சான்று பெற்ற மின்சார சைக்கிளுக்கும் அதே உதவியும் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

இன்னொன்று சட்டம். 2021 இறுதியில் வந்த விதிகள் மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளைச் சாலையில் ஓட்டத் தடை விதித்தன. உயிரைக் காக்க வந்த விதியை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டிய வண்டியைச் சோதித்துச் சான்று தரும் வழி எளிதாகவும் செலவு குறைந்ததாகவும் இருந்தாலன்றி, சிறு பட்டறைக்காரன் தலையெடுக்க முடியாது. சந்தை முழுவதும் பெரிய கம்பெனிகளுக்கே போகும். கூட்டரசு நெடுஞ்சாலையில் எழுபதுகளிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்த நாடு இது. மெதுவாகச் செல்லும் சைக்கிளுக்கு ரயில் நிலையம் வரையாவது ஒரு பாதை தர முடியாதா?

கடைசியாக நம் பக்கம் திரும்புவோம். கேட்பது மட்டும் நம் வேலை அன்று. செய்வதும் நம் வேலை. தோட்டத் துண்டாடலால் நம்மவர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால் வெட்டும் கைகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணம் தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்கிய சமுதாயத்துக்கு ஒரு பட்டறை வைப்பது மலையா?

கம்போங் மேடானில் மோட்டார் சைக்கிள் பிரித்துப் பூட்டும் கைத்திறன் உள்ள பிள்ளைகள் இல்லாத தெரு இல்லை. தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்வேலை படித்துவிட்டு வேறு கூலி வேலைக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு. இவர்களைக் கூட்டி, ஒரு கூட்டுறவுப் பட்டறையில் பத்து வண்டிகளைக் கட்டி, சான்று பெற்று, பத்துத் தொழிலாளரிடம் ஓராண்டு ஓட்டக் கொடுத்துப் பார்க்கலாம். எது உடைகிறது, எது தாங்குகிறது என்று அவர்கள் சொல்வதைக் கிராணிமார் கணக்கெழுதட்டும். அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் போவோம்.

சைக்கிளை வெள்ளைக்காரன் செய்தான், நாம் மிதித்தோம். மோட்டார் சைக்கிளை ஜப்பான்காரன் செய்தான், நாம் தவணை கட்டினோம். வரப்போகும் மின்சார சைக்கிளையாவது நாமே செய்து நாமே ஓட்டுவோம்!