சண்டி மாடும் ஊர்க் கட்டுப்பாடும்

வண்டியில் பூட்டிய மாடு பாதி வழியில் படுத்துக்கொண்டால் அதற்குச் 'சண்டி மாடு' என்று பெயர். பெயர் வைத்தது மாடு அல்ல, தார்க்குச்சி பிடித்தவன். பாரம் எவ்வளவு, காலையில் தீவனம் போட்டானா என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் இல்லை. மனிதர்களின் பிடிவாதத்துக்குத் தமிழில் புழங்குகிற சொற்களையும் இப்படித்தான் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லுக்கா பஞ்சம்? அடம், முரண்டு, வீம்பு, திமிர், கொழுப்பு ஒரு பக்கம். உறுதி, வைராக்கியம், கொள்கைப் பிடிப்பு இன்னொரு பக்கம். குணம் ஒன்றுதான். யாருக்கு எந்தச் சொல் என்பதைச் சாதி பிரித்துக் கொடுக்கிறது. கூலியை ஏற்ற மாட்டேன் என்று பண்ணையார் நின்றால் 'ஒரே வாக்கு, சொன்னா சொன்னதுதான்'. அந்தக் கூலிக்கு வரமாட்டோம் என்று சேரி நின்றால் 'கொழுப்பெடுத்துப் போச்சு'. வங்கிக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் பார்க்கிறேன். வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய்க்காக ஒரு மணி நேரம் வாதாடுகிற பெரிய வீட்டுக்காரர் 'விவரமான ஆளு'. கடன் மனுவோடு நாலாவது முறை வந்து நிற்கிற காலனிப் பெண் 'அடங்காப்பிடாரி'.

1996 உள்ளாட்சித் தேர்தலின்போது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். மனுப் போட விடவில்லை. மீறி வந்தவரையும் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அரசியல் சட்டத்தைப் பத்து வருஷம் ஊர் எல்லையில் நிறுத்திவைத்த இந்தப் பிடிவாதத்துக்கு ஊர் வைத்துக்கொண்ட பெயர் 'கட்டுப்பாடு'.

அதே 1996இல் மேலவளவும் ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் தேர்தல் தடைபட்டதையும் தாண்டி, விலகாமல் நின்று தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் நின்றதை 'வீம்பு' என்று எந்த வாய் சொல்லும்?

தோழர்களே, எல்லாப் பிடிவாதத்தையும் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. நாசிக் காலாராம் கோயிலில் நுழைய 1930இல் அம்பேத்கர் போராட்டம் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் போராடியும் கதவு திறக்கவில்லை. கோயிலை விட்டார். தன்மானத்தை விடவில்லை. 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். இடையில் 21 ஆண்டுகள். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரிந்த பிடிவாதம் அது.

நம்மிடம் என்ன நடக்கிறது? சுவரொட்டியில் யார் பெயர் முதலில் என்பதற்காக அமைப்பு உடைகிறது. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற தோழியை 'அடங்காப்பிடாரி' என்று நாமும் சொல்கிறோம். ஊர் நம்மேல் எறிந்த கல்லைப் பொறுக்கி நம் வீட்டுக்குள்ளேயே எறிகிற வேலை இது.

இனி யாராவது 'என்னா திமிரு' என்றால், எதைக் கேட்டதுக்காக அப்படிச் சொன்னார்கள் என்று விசாரியுங்கள். கேட்டது கூலியா, நாற்காலியா, சுடுகாட்டுப் பாதையா, கூட்டத்தில் பேச ஐந்து நிமிஷமா? அது தெரிந்தால், சொன்னவர் கையில் இருக்கிற தார்க்குச்சியும் தெரியும்.