சிவப்பு உண்டு, காரம் இல்லை

மிளகாயை விலக்கச் சொல்லும் வைத்தியர்கள், மிளகாய் இல்லாமல் ஒரு மனிதரைச் சாப்பிட வைப்பது எப்படி என்பதை மட்டும் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. இந்தச் சங்கடம் சென்ற தை மாதத்தில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் தகப்பனாருக்கு வயது 78. அம்பாசமுத்திரத்துப் பக்கத்து மனிதர். இட்டிலியை மிளகாய்ப் பொடி மூடி, அதன்மேல் நல்லெண்ணெய் குளமாக நின்றால்தான் அவர் அதற்கு இட்டிலி என்ற பெயரையே கொடுப்பார். வயிற்றில் புண் என்று கண்டறிந்த டாக்டர், மருந்துகளோடு ஓர் உத்தரவும் போட்டார். வற்றல், பச்சை, பொடி என்ற பேதமின்றி மிளகாய் எதையும் சில மாதங்களுக்குத் தொடக் கூடாது.

மருந்து வேலை செய்தது, வலி குறைந்தது. கூடவே சாப்பாடும் குறைந்தது. வெளுத்த கூட்டையும், வெளுத்த துவையலையும், மஞ்சள் நீர் போன்ற குழம்பையும் ஒரு முறை பார்ப்பார். இரண்டு கவளம் மோர் சாதத்தோடு எழுந்துவிடுவார். "பசி இல்லையடா" என்பார். ஒரு மாதத்துக்குள் சட்டை தோளிலிருந்து தொங்கத் தொடங்கிவிட்டது. எடை பார்த்தபோது நாலு கிலோ குறைந்திருந்தது. டாக்டருக்குப் புண்ணைப் பற்றிக் கவலை. நமக்கோ அந்தச் சட்டையைப் பற்றிக் கவலை.

நம் சகதர்மிணி காலை எட்டு மணிக்கே அலுவலகம் புறப்பட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஆகவே இரவுச் சமையல் சில வருஷங்களாக நம் பொறுப்பில் இருந்து வருகிறது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு தொண்டை வற்றப் பேசிவிட்டு வருகிறவருக்கு, பதில் பேசாத காய்கறிகளின் சகவாசம் ஒரு விதத்தில் ஆறுதல் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மாலை கடையில் சிவப்புக் குடைமிளகாய் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தோம். பச்சையைவிட விலை ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டும் வேறு வேறு ஜாதி என்று பலர் எண்ணியிருக்கிறார்கள், அப்படியல்ல. பச்சையாய் இருக்கும் காயைச் செடியிலேயே இன்னும் சில வாரம் விட்டுவைத்தால் அது பழுத்துச் சிவக்கிறது, அல்லது ரகத்துக்கேற்ப மஞ்சளாகிறது. அத்தனை நாளும் மழைக்கும் பூச்சிக்கும் தப்ப வேண்டுமே! ஓசூர்ப் பக்கத்தில் இதைப் பசுமைக் குடில்களுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். அந்தச் செலவும் காத்திருப்பும் விலையில் ஏறிக்கொள்கின்றன. கடைக்காரர், "அடியில் நாலு மேடு உள்ளது பெண், மூன்று மேடு உள்ளது ஆண், பெண்ணை எடுங்கள்" என்று நமக்கு யோசனை சொன்னார். இது நல்ல கதை, அவ்வளவுதான். குடைமிளகாய்ப் பூ ஒவ்வொன்றிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. காய்க்கு ஆண் பெண் கிடையாது. காம்பு பச்சையாகவும் தோல் விறைப்பாகவும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் போதும். சற்றுச் சுருங்கியது மலிவாகக் கிடைத்தால் துவையலுக்கு வாங்கலாம், தப்பில்லை.

மிளகாய்க்கு எரிப்பைத் தருகிற சரக்குக்குக் காப்ஸைஸின் என்று பெயர். அது பெரும்பாலும் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. குடைமிளகாயோ மிளகாய்க் குடும்பத்திலேயே பிறந்தும் அந்தச் சரக்கை உண்டாக்கும் சக்தியைப் பிறவியிலேயே இழந்த பிள்ளை. சிவப்பு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே?

அன்று செய்தது துவையல். இரண்டு சிவப்புக் குடைமிளகாயை, ஒன்றன்பின் ஒன்றாக இடுக்கியில் பிடித்து நேரே தீயில் வாட்டினோம். தோல் நன்றாகக் கருக வேண்டும். இந்த இடத்தில் பயந்து எடுத்துவிடக் கூடாது. கருகியதைப் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிஷம் மூடி வைத்தால், தன் ஆவியிலேயே வெந்து தோல் கழன்று வரும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் ருசியும் கழுவிக்கொண்டு போய்விடும். கையாலேயே உரித்துவிடுவது உத்தமம். தோலை நீக்குவது அழகுக்காக மட்டுமல்ல. வயதானவர்களின் வயிற்றுக்கு அந்தத் தோல் எளிதில் ஜீரணமாவதில்லை. வாணலியில் இரண்டு தேக்கரண்டி உளுத்தம் பருப்பைச் சிவக்க வறுத்து, பெருங்காயம், ஒரு பிடி தேங்காய்த் துருவல், சுண்டைக்காயளவு புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, பிறகு உரித்த குடைமிளகாயைச் சேர்த்து ஒரு சுற்று சுற்றினோம். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தாயிற்று. நெருப்பு அடுப்பு இல்லாத வீட்டார் துண்டு போட்டு எண்ணெயில் சுருள வதக்கலாம். ஆனால் சுட்ட வாசனை வராது.

தகப்பனார் தட்டைப் பார்த்தார். இட்டிலிக்குப் பக்கத்தில் செக்கச் சிவந்த துவையல், அதன்மேல் நல்லெண்ணெய். "ஏண்டா, டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா?" என்றார். குரலில் கண்டிப்பைவிட ஆசைதான் அதிகம். குடைமிளகாய் என்று சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "சீமைக் காய்! இதெல்லாம் நம் ஊர்ச் சாப்பாடா?" என்றார்.

வாத்தியாரிடம் இப்படிக் கேட்டுவிட்டுத் தப்ப முடியுமா? அவர் அறுபது வருஷமாக நம் ஊர்ச் சாப்பாடு என்று உண்டுவந்த மிளகாயே கப்பலேறி வந்ததுதான் என்று தொடங்கினோம். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் மிளகு விளையும் நாட்டைத் தேடிப் போய்க் கண்டது மிளகாய். பிறகு போர்த்துக்கீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தனர். புதிதாக வந்ததற்கும் அதன் பெயரையே சூட்டி மிளகாய் என்றார்கள்.

"பாடம் போதும், இட்டிலி ஆறுகிறது" என்று நம் பெண் குறுக்கிட்டாள். அவர் துவையலைத் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது இட்டிலிக்குத் தட்டை நீட்டினார்.

மறுநாள் முதல் நமக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. பாசிப்பருப்பும் பீர்க்கங்காயும் வெந்த பிறகு, இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் குடைமிளகாயைப் போட்டுச் செய்த கூட்டு நன்றாக அமைந்தது. முதலிலேயே போட்டால் நிறமும் போய்க் குழைந்தும் விடும். கடலை மாவைத் தூவிப் புரட்டும் மகாராஷ்டிரத்துப் பொரியல் பதினைந்து நிமிஷத்து வேலை. மாவின் பச்சை வாசனை போகும்வரை பொறுமை வேண்டும், எண்ணெயிலும் லோபம் கூடாது. உருளைக்கிழங்கோடும் காரட்டோடும் சேர்த்து வதக்குவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அது யாருக்கும் வரும். நம் பெண்ணுக்கு இவை எதிலும் காரம் போதவில்லை. அவள் பாட்டுக்கு மோர் மிளகாயை வறுத்து வைத்துக்கொள்கிறாள், தாத்தாவின் கண்ணில் படாத தூரத்தில்.

சத்து விஷயத்திலும் இது சாமானியமானதல்ல. பச்சையாக உண்ணும்போது எடைக்கு எடை ஆரஞ்சுப் பழத்தைவிட இரு மடங்குக்கு மேல் சி வைட்டமின் இதில் இருக்கிறது. சமைக்கையில் ஒரு பகுதி அழிந்துபோகும். அந்த வைட்டமினைப் போதிய அளவு பிரித்தெடுக்க வழி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார், ஹங்கேரியின் ஸெகெட் நகரத்துப் பேராசிரியர் ஆல்பர்ட் ஸென்ட்-ஜியார்ஜி. ஒரு நாள் இரவு அவர் மனைவி சிவப்பு மிளகாயைச் சாப்பாட்டில் வைத்தாராம். அதைத் தின்ன மனமில்லாத கணவர், வேண்டாம் என்று சொல்லத் துணிவும் இல்லாமல், சோதித்துப் பார்க்கிறேன் என்று சோதனைச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நள்ளிரவுக்குள் அது வைட்டமின் களஞ்சியம் என்று தெரிந்துவிட்டது. 1937-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அம்மையார் சமைத்த மிச்சம் என்ன ஆயிற்று என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பங்குனி கடைசியில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ திரும்பியிருந்தது. புண் ஆறி வருகிறதென்றும், கொஞ்சம் கொஞ்சமாக மிளகாய் சேர்த்துப் பார்க்கலாமென்றும் டாக்டர் சொன்னார். அன்று கடைக்குப் புறப்பட்டபோது தகப்பனார் கூப்பிட்டு நிறுத்தினார். மிளகாய்ப் பொடிக்கு வற்றல் வாங்கச் சொல்லப் போகிறார் என்றே எண்ணினோம்.

"அந்தச் சீமைக் காய் இரண்டு வாங்கி வா. மஞ்சள் வேண்டாம்; சிவப்பாகப் பார்த்து எடு" என்றார்.