படி வரி

சிக்கனமாக ஊர் சுற்றுவது எப்படி என்று யோசனை சொல்பவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமே கிடையாது. கோடை விடுமுறை நெருங்கினால் போதும். பத்து யோசனை, பதினைந்து யோசனை என்று பட்டியல் வந்துவிடும். இரண்டு மாதம் முன்னதாகவே ரயில் டிக்கெட் எடுங்கள். முதல் நாளைக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டலை விட்டுவிட்டுச் சின்ன லாட்ஜில் தங்குங்கள். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போங்கள். கிட்டத்து இடமானால் நடந்தே போங்கள். உடம்புக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

நல்ல யோசனைகள்தாம். யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் இவற்றை எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை யாரையும் கேட்காமலே நிச்சயம் செய்துகொண்டுவிடுகிறார்கள். புறப்படுகிற குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் நடக்கிற கால் இரண்டு உண்டு என்பதே அது. அந்த ஒன்று பொய்த்துவிட்டால் பட்டியல் முழுவதும் தலைகீழாகிவிடுகிறது.

சேலத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. தாயார் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். எட்டு வயதில் ஒரு பெண். படிப்பிலும் கெட்டி, பேச்சிலும் கெட்டி. பிறவியிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலமில்லை. சக்கர நாற்காலிதான் அவளுக்கு வாகனம். கடலைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். நேரில் பார்க்கவேண்டும் என்கிறாள். சென்னைக்கு இரண்டு நாள் போய்வருவது என்று தீர்மானமாகிறது.

ரயிலில் சலுகை இருக்கிறது. துணையில்லாமல் பிரயாணம் செய்ய முடியாத இந்தக் குழந்தைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் சான்றிதழ் வேண்டும், ரயில்வே கொடுக்கும் அட்டை வேண்டும். அதற்காக அலைகிற அலைச்சலைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். எப்படியோ வாங்கியாயிற்று. வண்டி வருகிறது. பெட்டியின் வாசலில் செங்குத்தாக இரும்புப் படிகள். தகப்பனார் பெண்ணைத் தூக்கிக்கொள்கிறார். தாயார் நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொள்கிறாள். மூட்டையை யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றிவிடுகிறார். டிக்கெட்டில் முக்கால் பங்கு குறைந்தது. படியில் ஒன்றும் குறையவில்லை.

சென்னையில் மாநகரப் பஸ்ஸுக்கு வாருங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இலவசம். ஆகவே இந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. எத்தனை தாராளம்! ஆனால் தரைக்கும் முதல் படிக்கும் இடையே இருக்கிற உயரத்தைப் பாருங்கள். டிரைவர் அவசரப்படுகிறார், பின்னாலிருந்து ஜனங்கள் நெருக்குகிறார்கள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் தகப்பனார் ஆட்டோவைக் கூப்பிடுகிறார். ஆட்டோக்காரர் நாற்காலியைப் பார்க்கிறார். 'சாமானுக்கு' என்று தனியாக ஒரு தொகை சொல்கிறார். இலவசப் பிரயாணம் இப்படி முடிகிறது.

அடுத்து லாட்ஜ். சிக்கன அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. கீழ்த்தளத்து அறை காலியாக இருந்தாலும் குளியலறைக் கதவு இரண்டடி அகலம்; நாற்காலி நுழையாது. லிஃப்ட்டும் அகலமான கதவும் உள்ள இடத்தில் வாடகை இரண்டு பங்கு. குமாஸ்தா என்ன செய்வார்? இரண்டு நாளை ஒரு நாளாக்குவார். அல்லது இரண்டு பங்கு வாடகையைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் சீட்டுக் கட்ட முடியாமல் விழிப்பார்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஏற முடியாத ஒவ்வொரு படியும் ஒரு வரி. எந்தச் சட்டசபையும் இந்த வரியை விதிக்கவில்லை. எந்த அதிகாரியும் ரசீது கொடுப்பதில்லை. ஆனாலும் வசூல் மட்டும் தவறாமல் நடக்கிறது. ஆட்டோக்காரரிடம் ஒரு பகுதி, லாட்ஜ்காரரிடம் ஒரு பகுதி, தூக்கிவிடுகிற கூலியாளிடம் ஒரு பகுதி; மீதியைத் தகப்பனாரின் முதுகெலும்பு செலுத்துகிறது.

வருமான வரியில் ஒரு நியாயம் உண்டு: அதிகம் சம்பாதிப்பவன் அதிகம் கட்டுகிறான். இந்தப் படி வரியோ நேர் எதிர். பணக்கார வீட்டுக் குழந்தைக்கு வீட்டு வாசலிலேயே கார். இறங்குகிற பெரிய ஓட்டலில் வாசல் முதல் அறை வரை வழவழவென்ற சாய்தளம். தள்ளிக்கொண்டு போகச் சிப்பந்தி. குமாஸ்தா வீட்டுக் குழந்தைக்குத்தான் முழு வரி. அதற்கும் கீழே, கூலி வேலை செய்கிறவர் வீட்டுக் குழந்தைக்கு வரி கட்டச் சக்தியே இல்லை. ஆகவே அது புறப்படுவதே இல்லை. நம் அதிகாரிகள் சிக்கனம் என்பதை ஓர் இலாகாவிலும், அணுகும் வசதி என்பதை வேறோர் இலாகாவிலும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றே. சாய்தளம் இல்லாத ஊரில் சிக்கனச் சுற்றுலா என்பது வெறும் பேச்சு.

இதைச் சொன்னால் மூன்று விதமான பதில்கள் வருகின்றன.

"ஆயிரத்தில் ஒருவருக்காக ஊரையே இடித்துக் கட்ட முடியுமா?" என்பது முதல் பதில். ஆயிரத்தில் ஒருவர் அல்ல, ஐயா. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் உடற்குறை உள்ளவர்கள் 2 கோடியே 68 லட்சம்; தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். இதோடு முழங்கால் வலிக்கிற பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வருகிற தாய், பெட்டி உருட்டுகிற பிரயாணி ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தில் நாள் பூராவும் ஏறி இறங்குகிறவர்கள் யார் என்று ஒரு மெட்ரோ நிலையத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். படி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர் யாரும் அகப்படமாட்டார்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது இரண்டாவது. கட்டும்போதே யோசித்தால் செலவு அற்பம். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடிச் சரிவு போதும். ஒரு மேஸ்திரியின் அரை நாள் வேலை. நம்மவர்கள் செய்வது என்ன? மூன்றடி உயரத் திண்ணைக்கு நாலடி நீளத்தில் சறுக்குமரம் போல ஒன்றைக் கட்டி, அதன் தலையில் சக்கர நாற்காலிப் படத்தையும் வரைந்துவிடுகிறார்கள். அதில் ஏற முயல்பவன் பின்னால் குப்புற விழ வேண்டியதுதான். எதிரே இரண்டு ஸ்கூட்டர்களையும் நிறுத்திவைத்துவிட்டால் திருப்பணி பூர்த்தி. இந்தப் பொய்ச் சாய்தளத்துக்கும் சிமெண்டு செலவாகத்தானே செய்கிறது?

மூன்றாவது பதில்தான் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்குவது. "பாவம், அந்தக் குழந்தையை ஏன் அலைக்கழிக்கவேண்டும்? டெலிவிஷனில் கடலைக் காட்டினால் போதாதா?" கருணை என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற கொடுமை இது. கதை எழுதுகிற கூட்டத்தாருக்கும் இதில் பங்குண்டு. நம் கதைகளில் நடக்க முடியாத குழந்தை வந்தால் அது ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும். கடைசிப் பக்கத்தில் ஒன்று குணமாகிவிடும் அல்லது இறந்துவிடும். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். அந்தக் குழந்தை வெளியே போய் ஐஸ்கிரீமுக்கு அழும், மிருகக்காட்சிசாலையில் குரங்குக்கு அழகு காட்டும், அம்மாவிடம் அடி வாங்கும் என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜன்னலை அழகாக வர்ணித்தாயிற்று. வாசற்படியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகிற கட்டடங்களை எல்லாம் ஐந்தாண்டுக்குள் திருத்தியமைக்கவேண்டும் என்றது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். ஆகவே கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. முதல் தடவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. வேடிக்கை என்னவென்றால், சட்டம் 'கட்டாயம்' என்று சொன்னதை விதிகள் வெறும் சிபாரிசாக்கிவிட்டன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. வீட்டுக்குப் பிளான் அங்கீகாரம் வாங்கப் போகிற சாமானியனிடம் அரையடி பிசகினாலும் கண்டிப்புக் காட்டுகிற அரசாங்கம், தன் சொந்த வாசற்படிக்கு வந்ததும் எத்தனை பெருந்தன்மையாகிவிடுகிறது!

முடியாது என்பதில்லை, மனம் வைத்தால் நடக்கிறது என்பதற்கு அதே சென்னையில் சாட்சிகள் இருக்கின்றன. 2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலில் நிலையங்களுக்கு லிஃப்ட் உண்டு. நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம். குறைந்த கட்டணம் பத்து ரூபாய். மாற்றுத்திறனாளிகள் கோர்ட்டு வாசலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து போராடியபின், 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின.

மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்கெல்லாம் இலவசமான அந்தக் கடற்கரையில், சக்கர நாற்காலி மணலில் புதைந்து நின்றுவிடும். அலையைத் தூரத்திலிருந்து கேட்கலாம், தொட முடியாது. சில ஆண்டுகள் டிசம்பர் மாதத்தில் சில தினங்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். தீபாவளி மாதிரி, வருஷத்துக்கு ஒரு தரம் கடல்! பிறகு 2022 நவம்பர் 27-ஆம் தேதி விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு 1 கோடியே 14 லட்சம். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் முனையைப் பிய்த்துப் போட்டது. "இதற்குத்தான் சொன்னோம்" என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். புயலில் ரஸ்தா உடைந்தால், 'இனி ரஸ்தாவே வேண்டாம்' என்று யாராவது சொல்கிறார்களா? பாதையைச் செப்பனிட்டார்கள், மறுபடி ஜனங்கள் அலை வரை போனார்கள்.

யோசனைப் பட்டியலைப் பரிகசித்துவிட்டு நான் ஒரு யோசனையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சேலத்துக் குடும்பம் ரூபாயை எண்ணுவதற்கு முன்னால் படியை எண்ணட்டும். லாட்ஜுக்கு டெலிபோன் செய்து வாடகை கேட்குமுன் மூன்று கேள்விகள்: வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்? லிஃப்ட் ஓடுகிறதா, அல்லது இருக்கிறதா? தங்குமிடத்தை மெட்ரோவின் நீலத் தடத்தில் சென்ட்ரல் முதல் கிண்டி வரை எங்காவது நிலையத்தை ஒட்டிப் பிடித்தால் ஆட்டோ செலவு பாதியாகும். ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு; குழந்தையின் களைப்புக்கும் கழிப்பறைக்கும் நேரம் விடவேண்டும். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை, வெயிலும் இல்லை. சாயங்காலம் மெரினா மரப்பாதை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் காசுதான்.

இந்தத் திறமையெல்லாம் குடும்பத்தின் திறமை, ஊரின் பெருமையல்ல. வரியைக் குறைவாகக் கட்டுவதற்கு வழி சொன்னேனே தவிர, வரி நியாயம் என்று சொல்லவில்லை. அதை எடுக்கவேண்டுமானால் நடக்க முடிந்தவர்களும் வாயைத் திறக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் கேட்டால், அவருக்கு மட்டும் ஏதோ உபகாரம் கேட்பதாக நினைத்துக்கொண்டு நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்கிறார்கள். தூக்குவதில் அவர்களுக்குப் பரம திருப்தி. தூக்கப்படுகிறவளுக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. எட்டு வயதில் தூக்கிவிடலாம், பதினெட்டு வயதில்?

ஆகவே, வாசகர்களே, அடுத்த தடவை நீங்கள் ஒரு லாட்ஜிலோ, கல்யாண மண்டபத்திலோ, மியூசியத்திலோ ஏறும்போது, உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கால் நன்றாக இருந்தாலும், கவுண்டரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "சாய்தளம் எந்தப் பக்கம்?" இல்லை என்பார். புகார்ப் புத்தகத்தை வாங்கி அதை எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நூறு பேர் எழுதினால் மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள்.