மனுச வாடையும் அருவித் தண்ணியும்

மணிமுத்தாறு அருவிக்கு நடந்து போய்வந்த நம் இலக்கியவாதிகள் 'மனித வாடையே படாத காடு' என்று எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மலையில பாதையை மிதிச்சு உண்டாக்கினது யாரு சாமி?

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரைப் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று அட்டைக்கடியில் நின்று தேயிலை கிள்ளியவர்களில் பெரும்பாலோர் நம்ம சனம். கூலியை உயர்த்து, சிறையில் போட்டவர்களை விடு என்று கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. செத்தது 17 பேர், அதில் ஒரு கைக்குழந்தை. நீங்க நனைஞ்சு சிலிர்த்த அருவித் தண்ணி அந்தத் தாமிரபரணியிலதான் போய்ச் சேருது அய்யா!

குத்தகை 2028 வரைக்கும். 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வுத் தாளை நீட்டிவிட்டது. விருப்பமாம்! நாலு தலைமுறை இருந்தவன் இனி இருந்தால் காடு கெடுமாம். சீட்டு வாங்கிக் குளிக்கப் போறவனால கெடாதாம். காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புலி இருக்கட்டும். கட்டுரையைப் புத்தகமாகப் போடும்போது அந்த 'மனித வாடை' வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.